தொண்ணூற்றொரு சதவீதத் தோட்டம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. விரித்த துணியின் மேல் சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் எப்படி அடுக்கினால் துணி வீணாகாது என்று பார்த்து வரைவது அவருடைய வேலை. அந்த வரைபடத்துக்கு மார்க்கர் என்று பெயர். வெட்டி முடித்த பிறகு விரலளவு துண்டு குப்பைக்குப் போகப் போகிறது என்று தெரிந்தால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. "இதுல ஒரு பாக்கெட் மூடி எடுக்கலாமே" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குவார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இளவயதில் அட்டையையும் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு நீள மேசை மேல் குனிந்து குனிந்து செய்த வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூட இருந்த பழைய ஆட்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தபோது மிச்சம் மட்டும் பூனை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காரணம், திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருந்தது. துணியில் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்று காட்டும் எண். ஒரு கையைச் சற்றே நகர்த்தினால் ஏறும், காலரைத் திருப்பிப் போட்டால் இறங்கும். அன்றைக்கு அதில் விழுந்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலை புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது, கழித்துக் கட்டிய பழையதைக் கேட்டு வாங்கி வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டார். அதன் உள்விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். பயணத்துக்குப் பெட்டி அடுக்கினால் செருப்புக்குள் காலுறை, காலுறைக்குள் மாத்திரை அட்டை. குளிர்சாதனப் பெட்டிக்குள் அவர் கிண்ணம் அடுக்கிவிட்டால் வேறு யாரும் ஒன்றை வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் திருப்பி வைக்க முடியாது. "உன் அத்தான் ஒருநாள் என்னையும் மடிச்சு எங்கேயாவது செருகிடுவாரு, பாரு" என்று மனைவி தன் தங்கையிடம் சொல்வாள்.

அந்த மனைவி ஒரு மருத்துவமனையின் முன்மேசையில் டோக்கன் கூப்பிடுபவள். ஒலிபெருக்கி கெட்டுப்போனால் அங்கே யாரும் பதறுவதில்லை, அவள் குரல் இருந்தது. "அடுத்தது" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் மாடியில் பல் பிடுங்கக் காத்திருப்பவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கீழே இறங்கி வந்துவிடுவார்.

வீட்டின் பின்புறம் இருந்த மண் அவளுடையது. தக்காளி, அவரை, ஒரு எலுமிச்சை மரம், பெயர் தெரியாத நாலைந்து பூச்செடிகள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அவள் இருக்கும் இடம் அதுதான். போன மழைக்காலத்தில் ஒரு விடுமுறை நாளன்று குழாயடிக் கல்லில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் கீறல். மருத்துவமனைக்காரியே மருத்துவமனையில் படுத்தாள். பிறகு எழுந்தாள், கைத்தடியோடு நடந்தாள், வேலைக்கும் திரும்பிவிட்டாள். கடைத்தெருவுக்குப் போகிறாள், தங்கை வீட்டு மாடிப்படி ஏறுகிறாள். பின்வாசலைத் தாண்டி மட்டும் ஒரு அடி வைக்கவில்லை. வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பாள், கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவாள். செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. எலுமிச்சை மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் நின்றது.

மிச்சம் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். வழுக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்தார். படியோரம் கைப்பிடிக் குழாய் வைத்தார். ஒரு ஆளையே தரையோடு ஒட்டவைப்பது போன்ற அடிப்பாகம் கொண்ட செருப்பு வாங்கி வந்தார். எதைக் காட்டினாலும் "ஆகட்டும்" என்பாள். ஆகாது. பார்க்க வருபவர்களிடம் அவர் அந்த நாளின் கதையைச் சொல்வார்: "வாளி உருண்ட சத்தம் கேட்டுச்சு. என்னமோ ஏதோன்னு போட்டது போட்டபடி ஓடினேன். விழுந்த மறு நிமிஷம் நான் பக்கத்துல இருந்தேன்." மனைவி அந்த நேரம் பார்த்து எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அவளை எப்படியாவது மறுபடி அந்த மண்ணில் நிற்க வைத்துவிட வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

மைத்துனிக்காரி ஒருநாள் தன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். அத்தானைக் கிண்டல் செய்யாத நாள் அவளுக்கு விடிந்த நாளே இல்லை.

"அத்தான், இங்க பாருங்க. தோட்டம் போட ஒரு வலைத்தளம். நம்ம இடத்தோட அளவைக் கொடுத்தா போதும். இந்தத் தக்காளிப் படத்தை இழுத்து இங்க வைக்கலாம், கத்தரிக்காயை அங்க வைக்கலாம். அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்க. பாத்தா ஆசை வரும்."

மிச்சம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கொழுகொழுவென்று சிரிக்கும் தக்காளிகள். செடிக்குச் செடி நடுவே பச்சைப் பசேல் என்று வெற்றிடம்.

"இவ்வளவு இடத்தை யாரு அப்பன் வீட்டுதுன்னு விட்டு வச்சிருக்கான்?"

"செடி மூச்சு விட வேண்டாமா?"

"மூச்சு மேலே விடட்டும்," என்றார் மிச்சம். "எங்கிட்டயே ஒரு புரோகிராம் இருக்கு."

அடுத்த விடுமுறைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு பின்புறம் இறங்கினார். இத்தனை வருஷமாக அந்த இடத்தைச் சதுரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தால் ஒரு மூலைகூட நேர்மூலை இல்லை. மதில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது, தண்ணீர்த் தொட்டி உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. திரையில் வரைந்து முடித்தபோது பிரித்துப் போட்ட கால்சட்டையின் ஒற்றைக் கால் மாதிரி இருந்தது இடம். மிச்சத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கால்சட்டைத் துணியில் அவர் கைவைக்காத மூலை ஏது?

ஒவ்வொரு செடியையும் ஓர் உறுப்பாக வரைந்தார். தக்காளிக்கு ஒரு வட்டம், அவரைக்கு நீளப் பட்டை, பூசணிக்குப் போர்வை அகலத்துக்கு ஒரு துண்டு. வரைந்ததும் புரோகிராம் வழக்கம்போல ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் அம்புக்குறி போடச் சொன்னது. துணியில் அது நூலோட்டம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் குறி. தக்காளிக்கு ஏது நூலோட்டம்? விரலை மவுஸின் மேல் வைத்தபடியே யோசித்தார். செடி எந்தப் பக்கம் பார்த்து வளரும்? வெயில் பக்கம். அப்படியென்றால் வெயில் எந்தப் பக்கம்?

அந்தக் கேள்விதான் அவரை வெளியே இழுத்துப்போனது. பையில் எப்போதும் கிடக்கும் துணித் துண்டுகளை எடுத்தார். காலை நிழலின் விளிம்புக்குச் சிவப்பு, உச்சிக்கு மஞ்சள், சாயங்காலத்துக்கு நீலம் என்று குச்சியில் கட்டி நட்டுக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "யாராவது மந்திரிச்சாங்களா?" என்று கேட்டார். "நிழல் எங்க போகுதுன்னு பாக்கறேன்" என்றதும் அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. மதில் நிழலுக்கு நட்டநடுவே பிற்பகலில் தட்டு அளவுக்கு ஓர் ஒளி வந்து விழுந்ததை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். இருவரும் அண்ணாந்து பார்த்துத் தேடினார்கள். எதிர்மாடிக் கண்ணாடி ஜன்னல் வெயிலை வாங்கி இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. மிச்சம் அந்த இடத்தைத் திரையில் குறித்து மிளகாயை அங்கே குடியேற்றினார். தொட்டியோரம் மண் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது, எலுமிச்சையின் வேர் எதுவரை வந்திருக்கிறது என்று கம்பியால் குத்தியும் கையால் தோண்டியும் பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்று இதையெல்லாம் கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மண்ணைக் கேட்ட கேள்வியில் பாதியைக் கட்டிய மனைவியிடம் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் சில பேருக்கு அளந்து பார்க்க முடிந்ததைத்தான் கேட்கத் தோன்றும்.

பிறகு அடுக்கத் தொடங்கினார். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே விழும் முக்கோணச் சந்தில் வெங்காயத்தைச் செருகினார். அவரைப் பட்டையை மதிலோடு ஒட்டினார். எண் எழுபதைத் தாண்டியது, எண்பதில் அடம்பிடித்தது. பூசணியை லேசாகத் திருப்பி, கொத்தமல்லியைத் துண்டு துண்டாக்கி ஓரங்களில் திணித்தபோது தொண்ணூற்றொன்று காட்டியது. எள் விழ இடமில்லை. தொழிற்சாலையில்கூட அபூர்வமாகத்தான் இப்படி அமையும். நாற்காலியில் சாய்ந்து தன் கைவேலையைத் தானே ரசித்தார்.

மார்க்கரை முழு அளவில் நீளக் காகிதத்தில் அச்சடித்துத் துணியின் மேல் விரித்துத்தான் வெட்டுவார்கள். அது மிச்சத்தின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எனவே தோட்டத்தையும் தொழிற்சாலையில் முழு அளவிலேயே அச்சடித்தார். வெட்டும் பிரிவின் பொறுப்பாளர் அம்மா, சுருள் சுருளாக வெளியே வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குச் சட்டை தைக்கிறீங்க, யானைக்கா?" என்றார். "வீட்டம்மாவுக்கு" என்றார் மிச்சம். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் காற்றில்லாத காலை. கத்தை கத்தையாகக் காகிதத்தைத் தோட்டத்தில் விரித்து, ஒட்டி, ஓரங்களில் கல் வைத்தார். வெள்ளைத் தாளில் வட்டங்களும் பட்டைகளும் மதில் முதல் மதில் வரை அச்சு அசலாக உட்கார்ந்தன. கடைசிக் கல்லையும் வைத்துவிட்டு நிமிர்ந்து, மனைவியைக் கூப்பிட்டார். அவள் வழக்கம்போல வாசற்படியில் வந்து நின்றாள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தாள். அவர் காத்திருந்தார்.

"நீங்க இப்ப எது மேல நிக்கிறீங்க?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். "தக்காளி மேல."

"அங்கேருந்து இங்க வரணும்னா?"

"வெங்காயம்... அப்புறம் பூசணியைத் தாண்டி..." என்று விரலால் காட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். துணியில் உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவே யாரும் நடக்க மாட்டார்கள். தோட்டத்தில் நடக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும், களை பிடுங்க வேண்டும், காய் பறிக்க வேண்டும். இத்தனை வருஷ அனுபவத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மனைவி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, பிறகு மூட முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது மிச்சத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் சேர்ந்து வந்தது.

"சரி, சரி. வழி விட்டுடறேன்," என்றார். "எவ்வளவு அகலம் வேணும்னு சொல்லு. கைத்தடியும் சேர்த்து."

"எனக்கு எதுக்கு வழி? நான்தான் வரப்போறதில்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மிச்சத்துக்கு அதுதான் சுருக்கென்றது. தக்காளியின் மேல் நின்றபடியே, கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டார்.

"ஏம்மா வரமாட்டே? கல்லை மாத்திட்டேன், பிடி வச்சிருக்கேன். இன்னும் என்ன பயம்?"

"விழறதுக்கு யாரு பயந்தா?" அவள் கைத்தடியால் படியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வேணா விழலாம். கடைத்தெருவுல விழுந்தா நாலு பேரு தூக்குவாங்க."

"இங்க நான் தூக்கலையா? வாளி உருண்ட சத்தம் கேட்டதுமே..."

"வாளி தானா உருளலைங்க. நான்தான் தட்டினேன்."

அவருக்குப் புரியவில்லை.

"விழுந்ததும் உங்களைக் கூப்பிட்டேன். எவ்வளவு பெரிய குரல் எனக்கு, உங்களுக்கே தெரியும். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை கட்டிப்போச்சு. நீங்க உள்ளே அந்த மெஷின் முன்னாடி இருக்கீங்கன்னு தெரியுது. எழுந்திருக்க முடியலை. மழை வேற. அப்புறம் மெல்ல நகர்ந்து நகர்ந்து போய் அந்த வாளியைக் கைக்கு இழுத்து, கல்லுல அடிச்சு அடிச்சு, கடைசியில உருட்டிவிட்டேன். அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க."

மறு நிமிஷம் பக்கத்தில் இருந்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன கதையை மிச்சம் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவள் சேலை முழுக்க நனைந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷத்தில் அவ்வளவு நனையாது. அதை அப்போதே கவனித்திருக்கலாம். நிழல் நகர்வதைக் கவனிக்கத் தெரிந்த கண்ணுக்கு அது தெரியாமல் போயிற்று. அவமானமாக இருந்தது.

"ஏன் சொல்லலை?"

"நீங்க எல்லார்கிட்டயும் அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க," என்றாள்.

அவர் காகிதத்தின் ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். மனம் கனத்துக் கிடந்தாலும் புத்தி பழைய குணத்தை விடவில்லை.

"எங்கேருந்து கூப்பிட்டா கேக்குது, எங்கேருந்து கேக்கலைன்னு பாத்துடலாமா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த மனிதரை என்ன செய்வது என்ற பார்வை. ஆனால் அவள் முகத்தில் வேறொன்றும் மெல்ல வந்தது. பிற்பகல் ஒளியைத் தேடி அண்ணாந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அன்று இருந்த ஆர்வம் அது.

"எனக்கும் அது தெரியணும்தான்," என்றாள். "குழாயடியில ஆரம்பிச்சுத் தொட்டி வரைக்கும் ஒவ்வொரு இடமா நின்னு கூப்பிடறேன். ஆனா நீங்க நிஜமாவே வேலை பாக்கணும். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தா கணக்குல சேராது."

"சரி."

"மெஷினும் ஓடணும்."

"ஓடட்டும்."

மிச்சம் முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். உள்விசிறி இரைந்தது. திரையில் தோட்டத்தைத் திறந்து பூசணியின் குறுக்கே முதல் வழியைக் கிழித்தார். எண் சட்டென்று சரிந்தது. பின்வாசல் கதவு திறந்த சத்தம் வந்தது. கைத்தடி படியில் ஒருமுறை தட்டியது, பிறகு காகிதத்தின் மேல் சரசரத்தது. எழுந்து போய்ப் பார்க்கத் துடித்த காலை நாற்காலிக்கடியில் கட்டிப்போட்டார்.

"அடுத்தது," என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது. பழக்கதோஷம். அன்றைக்குக் கேட்காமல் போன அதே இடம், இன்று தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு "அடுத்தது". அவரைப் பட்டை பக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் மங்கல், ஆனாலும் கேட்டது. அடுத்தது எலுமிச்சையடியிலிருந்து. விசிறி இரைச்சலுக்குள் ஒரு முனகலாகத்தான் வந்தது. அரைப்புள்ளி என்று ஒன்று புரோகிராமில் இல்லையே என்று யோசித்து ஒரு சின்ன வட்டம் போட்டார்.

மிச்சமிருந்தது தொட்டியோரம். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏன் கேட்கவில்லை? தொட்டிச் சுவர் நடுவில் மறைக்கிறது. முன்னறை ஜன்னல் தெருப் பக்கம் பார்க்கிறது, பின்னறை ஜன்னல்தான் தோட்டத்துப் பக்கம். மேசையைப் பின்னறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மேசை நீளம் தெரியும், அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடம்தான் வேண்டும். உள்ளங்கை அகலம் குறைகிறது. அலமாரியைத் திருப்பிப் போட்டால்? திருப்பிப் போட்டால் மேசை கச்சிதமாக உட்கார்ந்துவிடும், மேலே ஒரு முக்காலிக்கும் இடம் வரும்...

அப்போதுதான் உறைத்தது. அவள் அந்தக் கோடியில் இருக்கிறாள். சத்தமே இல்லை. அவர் இங்கே மேசைக்கு இடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, மிச்சம் ஓடினார். செருப்புப் போடவில்லை. காகிதம் காலடியில் கிழிந்து மிளகாயும் வெங்காயமும் பறந்தன. தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்.

அவள் தொட்டியின் திண்டில் உட்கார்ந்து கைத்தடி முனையால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். இடது கையில் ஒரு பிடி களை இருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டே?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"கூப்பிடவே இல்லை."

"ஏன்?"

"கூப்பிட்டு வந்தீங்கன்னா குரல் நல்லா இருக்குன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும். கூப்பிடலைன்னா வருவீங்களான்னு பாத்தேன்."

மிச்சம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "மேசையை எங்க போடலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்," என்றார்.

"தெரியும்."

"ரொம்ப நேரம் ஆச்சா?"

அவள் இன்னொரு களையைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இந்த இடத்துக்கு என்ன குறி போடறது?" என்று கேட்டார். "கேக்கும்னா, கேக்காதுன்னா?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். அவருடைய மண் ஒட்டிய வெறுங்காலைப் பார்த்தாள். பின்வாசலையும், அதற்கப்பால் இருட்டாகத் தெரிந்த முன்னறையையும் கண்ணாலேயே அளந்தாள்.

"இப்பவே எப்படிச் சொல்றது?" என்றாள். "ஒருநாள் பாத்தா தெரியாது. நாளைக்கும் வந்து உக்காந்து பாக்கணும்."